பிக்கப் கதவின் சாவி ஓட்டையை அடைத்த கதை

மேட்டுப்பாளையம் மண்டியில் காரட் மூட்டைகளை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தேன். இருபது நிமிடம் இருக்கும். திரும்பி வந்தால், டிரைவர் பக்கக் கதவின் சாவி ஓட்டைக்குள் யாரோ ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகியிருந்தார்கள். கதவு திறக்கவில்லை, எதுவும் களவு போகவும் இல்லை. ஆனால் ஓட்டையின் வாயை மூடியிருக்கும் நகக்கண் அளவு தகடு உடைந்து உள்ளே போய்விட்டது. சாவியைப் போட்டுக் கொஞ்சம் கெஞ்சினால் திறந்தது. சரி, ஓடுகிற வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சின்னத் தகட்டின் அருமை டிசம்பரில்தான் தெரிந்தது. எங்களுக்கு நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கம். விடியற்காலை நான்கு மணிக்குக் காரட் கழுவும் மிஷினுக்கு வண்டி போய் நிற்க வேண்டும். முந்தின நாள் மழையோ பனியோ ஓட்டைக்குள் இறங்கியிருக்கும். உறைபனி விழுந்த இரவில் அது உள்ளேயே கட்டியாகிவிடும். சாவி பாதிக்கு மேல் போகாது. முதல் நாள் வெந்நீர் ஊற்றினேன், உடனே திறந்தது. அதே தண்ணீர் மறுநாள் இன்னும் பெரிய கட்டியாக உட்கார்ந்திருந்தது. அப்புறம் சாவியை லைட்டரில் காட்டிச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடக் கற்றுக்கொண்டேன். விரல் சுட்டதுதான் மிச்சம்.

புது சிலிண்டர், அதாவது சாவி நுழைகிற பூட்டு உருளை, போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். தனி சிலிண்டர் அதற்கான சாவியோடுதான் வரும். கதவுக்கு ஒரு சாவி, இக்னிஷனுக்கு ஒரு சாவி என்று சுமக்க எனக்குப் பிடிக்கவில்லை. புதிதாகப் போட்டாலும் இன்னொருவன் இன்னொரு ஸ்க்ரூடிரைவரோடு வரமாட்டான் என்று என்ன நிச்சயம்? ரிமோட்டோடு சென்டர் லாக் போட்டுவிட்டு இரண்டு பக்க ஓட்டையையும் அடைத்துவிடுவது என்று முடிவு செய்து குன்னூரில் வண்டித் தகடு வேலை செய்யும் ஒரு டிங்கரிடம் போனேன்.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ரெண்டையும் அடைச்சுடலாம் தம்பி. பேட்டரி படுத்த அன்னைக்கு ரிமோட் வேலை செய்யாது. பானெட்டைத் திறக்கிற லீவர் எங்க இருக்கு?"

உள்ளேதான் இருக்கிறது. பேட்டரியைத் தொட பானெட் திறக்க வேண்டும், பானெட் திறக்க உள்ளே போக வேண்டும், உள்ளே போகச் சாவி ஓட்டை வேண்டும். எனக்கு இது தோன்றவே இல்லை. அதனால் குத்துப்பட்ட டிரைவர் பக்கத்தை மட்டும் அடைத்துவிட்டு, இடது பக்கத்தை மறைத்து வைப்பது என்று ஆயிற்று.

கதவைப் பிரிக்கும்போது நானும் கூடவே நின்றேன். கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்குப் பின்னால் லாடம் மாதிரி ஒரு கிளிப் இருக்கும். பழைய துணியை இடுக்கில் விட்டு இப்படியும் அப்படியும் இழுத்தால் தெறித்து வெளியே வரும். கையால் மறைத்துக்கொள்ளாவிட்டால் அதைத் தேடியே பொழுது போய்விடும். டோர் பேடுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரித்து வைத்தார். கண்ணாடியில் வழியும் மழை கதவுக்குள்தான் இறங்குகிறது. அது பேடை நனைக்காமல் தடுப்பது அந்தத் தாள்தானாம். கதவின் அடியில் தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் துளைகளில் காரட் மண் கெட்டியாக அடைத்திருந்தது. அதை ஆணியால் குத்தியதும் அரை டம்ளர் செந்தண்ணீர் வடிந்தது. துருப்பிடிக்க இது ஒன்று போதாதா!

சிலிண்டரைத் தகட்டோடு பிடித்திருந்தது 'ப' வடிவக் கிளிப் ஒன்றுதான். சிலிண்டரின் வாலிலிருந்து கதவுக்குள் இருக்கும் பூட்டுக்குப் போகும் மெல்லிய கம்பியை முதலில் கழற்றி, கிளிப்பை நெம்பியதும் சிலிண்டர் வெளிப்பக்கமாக வந்துவிட்டது. கம்பியைத் தொங்கவிடாமல் முழுசாக எடுத்துவிட்டார். இல்லையென்றால் கண்ணாடி இறங்கும்போது சிக்குமாம்.

ஓட்டையை அடைப்பதுதான் நுணுக்கமான வேலை. கதவுத் தகடு மெல்லியது, ஒரே இடத்தில் தொடர்ந்து வெல்டு வைத்தால் சூட்டில் ஆப்பம் மாதிரி உப்பிவிடும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, சுற்றிலும் ஈரத்துணி போட்டு, எதிரெதிர்ப் புள்ளிகளாக ஒவ்வொன்று வைத்து, ஆறவிட்டு, அடுத்தது வைத்தார். நாணய அளவு வட்டத் தகட்டுக்கு முக்கால் மணி நேரம். உள்பக்கம் துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு. வெளியே பட்டி, தேய்ப்பு, பிரைமர். பெயின்ட் அடிக்க மட்டும் இரண்டு நாள் காத்திருந்தோம். மூடுபனிக்குள் அடித்தால் ஈரம் பிடித்துப் பளபளப்பு செத்துவிடும். வெள்ளை வண்டிதானே, கலர் சுலபம் என்று நினைத்தேன். வெள்ளையில் எத்தனை வெள்ளை என்று கடையில்தான் தெரிந்தது. வெயிலில் உற்றுப் பார்த்தால் அந்த இடம் இப்போதும் லேசாக வேறுபடும்.

இடது பக்க ஓட்டைக்கு மேல் வெள்ளை அடித்த சின்ன ரப்பர் மடல் ஒன்றை மேல் விளிம்பில் மட்டும் ஒட்டிவிட்டார். தண்ணீரும் போகாது, கண்ணிலும் படாது. உள்ளே எண்ணெய் விடாதே, தூசி சேர்ந்து சேறாகிவிடும், பென்சில் முனையைச் சுரண்டி அந்தத் தூளைப் போடு என்றார். சென்டர் லாக்கைச் சேர்க்காமல் எல்லாமாக 2,400 ரூபாய். வண்டிக்கு எட்டு வருடம் தாண்டிவிட்டதால் வருடா வருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டும். இந்த முறை பிரேக் இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து மூடிப் பார்த்ததோடு சரி, ஓட்டை எங்கே என்று கேட்கவில்லை.

டிங்கர் சொன்ன நாள் ஜனவரியில் வந்தது. உள் விளக்கை அணைக்க மறந்திருக்கிறேன். விடியற்காலையில் ரிமோட்டை எத்தனை அமுக்கினாலும் சத்தமே இல்லை. இடது பக்கம் போய் ரப்பரைத் தூக்கினேன்; அதன் மேல் உப்புத் தூவியது போலப் பனி, ஓட்டை மட்டும் காய்ந்திருந்தது. சாவி ஒரே திருகலில் சுற்றியது. கியர் கம்பி விலாவில் குத்தக் குத்த டிரைவர் சீட்டுக்கு ஊர்ந்து பானெட் லீவரை இழுத்தேன். பக்கத்து வீட்டு ஜீப்பிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்யும்போது மணி ஐந்து. உள் விளக்கின் பல்பை அப்போதே கழற்றி டாஷ்போர்டுக்குள் போட்டுவிட்டேன்.