ஆறு மணிப் பசி

மாலை ஆறு மணிக்கு ஹட்டன் பஸ் நிலையத்தில் நனைந்துகொண்டு நிற்பவளிடம் சிக்கனம் பேசிப் பிரயோசனமில்லை. மத்தியானம் சாப்பிட்ட சோறு எப்போதோ செரித்திருக்கும். சப்பாத்துக்குள் தண்ணீர். பக்கத்து ஹோட்டலில் கொத்து ரொட்டி போடுகிற சத்தம் வேறு. "இன்னைக்கு மட்டும் ரெண்டு பார்சல் கட்டிட்டுப் போவோமே" என்று மனசு சொல்வதற்கு அந்த நேரத்தில் ஆயிரம் நியாயம் இருக்கும்.

இலங்கை மலையகத்தின் கொட்டகலையில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் நானும் இவரும் வாடகைக்கு இருக்கிறோம். ஓர் அறை, ஒரு குசினி, பின்னால் கறிவேப்பிலைச் செடி வைக்கிற அளவுக்கு நிலம். நான் ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் காசாளர். இவர் தலவாக்கலையில் ஒரு ஹார்ட்வெயர் கடையில் ஸ்டோர் பார்க்கிறார். காலையில் ஒருவர் அந்தப் பக்கம், ஒருவர் இந்தப் பக்கம். இரவு ஏழு மணிக்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் ஒழுங்காகப் பார்ப்போம். கல்யாணம் முடிக்கப்போகிற கூட்டாளிமார், "ரெண்டு பேரு சம்பளத்துல எப்படிடி மிச்சம் பிடிக்கிறீங்க?" என்று கேட்டபடியே இருக்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவதை விட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று. அரிசியிலும் பருப்பிலும் கையைக் குறைத்து மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு பேர் வயிற்றுக்கு அது எவ்வளவுதான் போய்விடும்? ஒரு சிக்கன் கொத்து வாங்குகிற காசுக்கு இரண்டு கிலோ பருப்பு வாங்கலாம், கையில் மிச்சமும் நிற்கும். எங்கள் கணக்குக் கொப்பியைப் பார்த்தால் காசு போகிற இடம் தெளிவாகத் தெரியும். வேலை விட்டு வெளியே வருவதற்கும் அடுப்பைப் பற்றவைப்பதற்கும் இடையில் உள்ள அந்த ஒரு மணித்தியாலம்தான். ஆசையில் வாங்குவதை விடக் களைப்பில் வாங்குவதுதான் அதிகம். வீட்டுக்குப் போனால் இருபது நிமிடத்தில் சாப்பாடு என்று தெரிந்தால் கொத்துச் சத்தம் காதில் விழும், கால் மட்டும் அந்தப் பக்கம் போகாது.

அதற்கு எங்கள் வழி ரொட்டி. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கோதுமை மா, உப்பு, கொஞ்சம் தேங்காய்ப்பூ, தண்ணீர், அவ்வளவுதான். முதலில் வீட்டுக்கு வருகிறவர் மா பிசைய வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் முதலில் வருவது இவர்தான். இவருடைய ரொட்டிக்கு வட்டம் என்ற எண்ணமே கிடையாது, ஆனால் நன்றாக வெந்திருக்கும். மகன் ரொட்டி தட்டுவதை அத்தை முதன்முதலில் பார்த்தபோது ஒன்றும் சொல்லவில்லை. கல்லிலிருந்து எடுத்ததைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் வேகணும்" என்றார். அதோடு சரி.

கறி காலையிலேயே வைத்து முடிந்திருக்கும். அதிகம் வைப்பது பருப்பும் லீக்ஸும். லீக்ஸின் வெள்ளைத் தண்டை மட்டும் வைத்துக்கொண்டு பச்சை இலையை எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. ருசியே அந்தப் பச்சையில்தான் இருக்கிறது. வேலை மட்டும் கொஞ்சம் கூட. முழுசாக வைத்துக் கழுவினால் மண் போகாது. நீளவாக்கில் பிளந்து, இலை இலையாக விரித்து, அடுக்கின் அடியில் ஒட்டியிருக்கிற கறுப்பு மண்ணைப் பெருவிரலால் தள்ளித் தள்ளி எடுக்க வேண்டும். விடியற்காலைக் குழாய்த் தண்ணீரில் இதைச் செய்தால் விரல் மரத்துப்போகும். அப்புறம் பொடியாக அரிந்து, கடுகு, வெங்காயம், காய்ந்த கொச்சிக்காய், கறிவேப்பிலை தாளித்து, உப்பும் மஞ்சளும் போட்டு, மூடி போடாமல் வதக்க வேண்டும். சட்டி நிறைய இருந்தது ஒரு கை அளவுக்குச் சுருங்கிவிடும். பாதியை வெந்த பருப்பில் கொட்டிவிடுவேன். மற்றப் பாதி இரண்டு பேருடைய மத்தியானச் சோற்றுக்கு.

பீட்ரூட் இலையும் நோக்கோல் இலையும் இதே மாதிரிதான். சந்தையில் கிழங்கை வாங்கிக்கொண்டு இலையை ஒடித்துப் போட்டுவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்த இலையைக் கேட்டு வாங்குவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கருவாட்டுத் துண்டு ஒன்று சேர்த்துச் சுண்டினால் இன்னொரு கறி தேவைப்படாது.

தேங்காய்தான் தலைவலி. நம் பக்கத்தில் தென்னை ஏது? குருநாகல், சிலாபம் பக்கமிருந்து லொறி ஏறி வருகிறது. ஒரு காய் 200 ரூபாயைத் தாண்டிய காலத்தில் இருந்து எங்கள் வீட்டில் தேங்காய்க்குத் தனிக் கணக்கு. உடைத்த அன்றைக்கு ஒரு மூடியில் சம்பலும் ரொட்டியும். மற்ற மூடியின் உள்பக்கம் உப்புத் தடவிக் கவிழ்த்து வைத்தால் இந்தக் குளிரில் அடுத்த நாளைக்கும் தாங்கும், குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. பால் பிழிகிற கறி வாரத்தில் ஓரிரு நாள்தான். மற்ற நாட்களில் உருளைக்கிழங்கை மசித்துவிட்டுக் குழம்பைத் தடிப்பாக்குவேன். இது அம்மாவிடம் படித்தது. நெருக்கடி வருடமான 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அம்மாவுக்கு அந்த இலக்கம் தெரியாது. பால்மாவும் காஸும் கிடைக்காத அந்த வருடத்தில் மூன்று கல் அடுப்பில் ஐந்து பேருக்கு என்ன வைக்கலாம் என்று மட்டும் தெரிந்திருந்தது.

மரக்கறி விளைகிற இடத்தில் இருக்கிறோம், மலிவாகத்தானே கிடைக்கும் என்று கொழும்பில் இருக்கிற சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கண்ணெதிரே விளைகிற கரட்டும் கோவாவும் மூட்டை கட்டி நுவரெலியா பொருளாதார நிலையம் என்கிற மொத்தச் சந்தைக்கும் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போய்விடும். நமக்குக் கடையில் கிடைப்பது பல கை மாறிய விலைக்குத்தான். நான் செய்வது இரண்டு. நுவரெலியா பொருளாதார நிலையத்தின் விலைப் பட்டியலைச் செய்திப் பக்கங்களில் போடுவார்கள், சந்தைக்குப் போகுமுன் அதைப் பார்த்துக்கொள்வேன். எது இறங்கியிருக்கிறதோ அதுதான் அந்த வாரக் கறி. "இந்த வாரம் என்ன சமைக்கலாம்" என்று முதலில் யோசித்துவிட்டுச் சந்தைக்குப் போகிறவர்களுக்குத்தான் செலவு. இரண்டாவது, அத்தையின் தோட்டத்தில் லய வீடுகளுக்குப் பின்னால் மரக்கறி போடுகிற ஓர் அக்கா இருக்கிறார். அவரிடம் நேரே வாங்கினால் அவருக்கும் வியாபாரி கொடுப்பதை விட நாலு காசு கூடக் கிடைக்கும், எனக்கும் குறையும். அங்கே பேரம் பேசுவதில்லை. பட்டியலில் லீக்ஸ் விலை விழுந்து கிடக்கிற வாரம் எனக்குச் சந்தோசமான வாரம். அந்த அக்காவுக்கு உரக் காசு கூடத் தேறாத வாரமும் அதுதான் என்பது அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

கடன் கொப்பியை விட்டுவிடுங்கள் என்று எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். நான் விடவில்லை. நெருக்கடி வருடத்தில் எங்கள் அம்மா வீட்டுக்கு மா கொடுத்தது கடை முதலாளியின் கொப்பிதான், எந்தச் சூப்பர் மார்க்கெட்டும் இல்லை. ஆனால் கொப்பிக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய், சவர்க்காரம் மட்டும்தான் அதில் ஏறலாம். பிஸ்கட், சொக்கலட், சோடா எல்லாம் கைக்காசு. ஒருநாள் இவர் ஐஸ்கிரீம் ஒன்றை எடுத்துவிட்டு "கொப்பியில போடுங்க முதலாளி" என்றதற்கு, "தங்கச்சி வேணாம்னு சொல்லியிருக்கு தம்பி" என்று முதலாளியே மறுத்துவிட்டார்.

தேயிலை வாங்குவதே இல்லை. அத்தைக்குத் தோட்டத்தில் கிடைக்கிற தூளில் ஒரு பங்கு எங்களுக்கும் வரும். வெறுந்தேத்தண்ணிதான், கையில் ஒரு துண்டு கருப்பட்டி.

கொத்தை அடியோடு விட்டுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். சம்பளம் வந்த வாரம் இரண்டு பேரும் ஹட்டனில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். பார்சல் கட்டிக் கொட்டகலைக்குக் கொண்டுவருவதற்குள் அது ஆவியில் ஊறிக் களியாகிவிடும், அதற்கு அந்தக் காசைக் கொடுக்க மனம் வரவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு கொத்தைப் பங்குபோட்டு, ஆளுக்கொரு தேத்தண்ணியோடு ஒரு மணித்தியாலம் கதைக்கலாம். என்னைக் கேட்டால் காசு அந்தக் கதைக்குத்தான்.

பொழுதுபோக்குக்கு வருகிறேன். முன்பு இரண்டு போனுக்கும் தனித்தனி டேட்டா. ஒரே கட்டிலில் முதுகைக் காட்டிக்கொண்டு இவர் கிரிக்கெட், நான் சமையல் வீடியோ. இப்போது ஒரு போனுக்குத்தான் பெரிய பேக்கேஜ், மற்றதுக்கு அதிலிருந்து ஹொட்ஸ்பொட். தீர்ந்தால் அந்த மாதத்துக்குத் தீர்ந்ததுதான். படம் பார்ப்பதென்றால் ஒரே படம், அதனால் எந்தப் படம் என்று முக்கால் மணித்தியாலம் சண்டை. அதுவும் இலவசம்.

ஆனால் மலையகத்தில் இருந்துகொண்டு பொழுதுபோக்கைப் போனில் தேடுவது கொஞ்சம் அநியாயம். மாசி மாதம் வந்தால் தோட்டத்துக்குத் தோட்டம் காமன் கூத்து. தப்புச் சத்தம் இரண்டு மலைக்கு அப்பால் கேட்கும். ரதிக்கும் மதனுக்கும் கல்யாணம் நடக்கும், சிவன் தவம் கலைந்து மதனை எரிப்பார், வீரபத்திரர் ஆடிக்கொண்டு வருகையில் பிள்ளைகள் அம்மாவின் சேலைக்குள் ஒளியும். ரதியாக வேசம் கட்டுவது ஓர் ஆண்தான். பகலில் கொழுந்து மூட்டை தூக்குகிற அதே பையன் விடிய விடிய ஒப்பாரி வைப்பதைப் பார்த்து அழாத பெண்கள் குறைவு. டிக்கெட் கிடையாது. கம்பளி, பிளாஸ்க், வறுத்த கடலை கொண்டுபோனால் போதும். கூத்துக்கு விடுகிற காணிக்கையைச் செலவில் சேர்க்கமாட்டேன்.

மார்கழியில் உந்துவப் போயா என்கிற பௌர்ணமி நாளில் தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன். எங்களுக்கு அது பக்கத்து வீடு மாதிரி. ஹட்டனில் பஸ் ஏறினால் மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி, அங்கிருந்து நடைதான். மலை 2243 மீட்டர். ஏற ஏறக் கடைகளில் தேத்தண்ணி விலையும் கூடவே ஏறும். பொருட்களைத் தலையில் சுமந்துகொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் அந்த விலையைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே நாங்கள் ரொட்டியும் கட்டைச் சம்பலும் வீட்டிலேயே கட்டிக்கொண்டு போய், மேலே ஒரே ஒரு தேத்தண்ணியைப் பங்குபோட்டுக் குடிக்கிறோம்.

சும்மா போயா நாட்களில் தலவாக்கலை பஸ்ஸில் ஏறிப் பத்தனை தாண்டி இறங்கினால் டெவோன் நீர்வீழ்ச்சி. ஊர்ப் பணக்காரர்கள் காரை நிறுத்தி செல்ஃபி எடுக்கிற அதே இடத்தில்தான் நாங்களும் நிற்கிறோம். ஏப்ரலில் நுவரெலியாவுக்கு மட்டும் போகமாட்டோம். வசந்த காலக் கூட்டத்தில் வேனுக்கும் சாப்பாட்டுக்கும் கேட்கிற காசு வேறு மாதங்களில் கேட்பதில்லை. மே மாதம் கழித்துப் போனால் அதே விக்டோரியா பூங்காவில் உட்கார இடம் கிடைக்கும்.

இவ்வளவும் எழுதிவிட்டுக் கொப்பியைப் புரட்டினால், கட்டுப்படுத்த முடியாத பக்கம் ஒன்று இருக்கிறது. சடங்கு, கல்யாணம், வீடு குடிபுகல். மொய் எழுதாமல் இருக்க முடியாது, எங்கள் கல்யாணத்துக்கு வந்த மொய் எல்லாம் பெயரோடு எழுதி வைத்திருக்கிறது, திருப்பித்தான் ஆக வேண்டும். நான் குறைக்கச் சொல்வது மொய்யை இல்லை, அதைச் சுற்றி வருகிற வேன் காசையும் புதுச் சேலையையும்தான். அடுத்த மாதம் மூன்று விசேசம் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே சேலையைக் கட்டுகிறேன் என்று நானே சொல்லிவிட்டேன், புடவைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு இதைச் சொல்வது லேசு இல்லை. வேனுக்குப் பதில் பஸ்ஸில் போகலாம் என்றால் இவர்தான், "மாமா வீட்டு விசேசத்துக்கு பஸ்ஸுல போய் இறங்கினா என்ன நினைப்பாங்க?" என்கிறார். பஸ் நேர அட்டவணையைக் குசினிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.