இயற்கை எழுத்துத் தாளுக்கு எப்படிப் படித்தேன்

எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சூழலியல் திறனாய்வை (இலக்கியம் இயற்கையை எப்படிக் காட்டுகிறது என்று ஆராயும் துறை) விருப்பப் பாடமாக எடுத்தவர்கள் வழக்கமாகக் கேட்பது, தியரியை முதலில் படிப்பதா, நூல்களை முதலில் படிப்பதா என்பதுதான். நூல்களைத்தான். ஒவ்வொரு நூலுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்த இடம், எந்த வருடம், அதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். கடைசிக் கேள்விதான் தேர்வில் அதிகம் கைகொடுத்தது.

'வால்டன்' நூலை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் தோரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1845 ஜூலை 4 அன்று வால்டன் குளக்கரைக் குடிலில் குடியேறி, 1847 செப்டம்பரில் வெளியே வந்தார். கைடுகள் அவரை உலகைத் துறந்து காட்டுக்குப் போன முனிவர் மாதிரி காட்டும். ஆனால் அந்த நிலம் அவருடைய நண்பரான எழுத்தாளர் எமர்சனுடையது. கான்கார்டு ஊர் நடந்து போகிற தூரம்தான். குளத்தை ஒட்டியே ரயில் ஓடியது. அந்தக் காட்டில் முன்பு வாழ்ந்த கறுப்பின மக்களான கேட்டோ இங்கிரகாம், சில்ஃபா, பிரிஸ்டர் ஃப்ரீமன் ஆகியோரைப் பற்றி அவரே பெயர் சொல்லி எழுதுகிறார். அந்த அத்தியாயத்தைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். அதே காலத்தில், 1846-ல், மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் ஏறியபோது மனிதரைச் சற்றும் பொருட்படுத்தாத இயற்கையைக் கண்டு அவர் திகைத்தார். குளத்தையும் மலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே ஒரு பெரிய வினாவுக்கு விடை கிடைத்துவிடும்.

அமெரிக்க இயற்கை எழுத்தாளர் ஆல்டோ லியோபோல்டுக்குத் தாராளமாக நேரம் கொடுங்கள். 1909-ல் அமெரிக்க வனத்துறையில் சேர்ந்தவர். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், வேட்டைக்காரருக்குச் சொர்க்கம் என்று நம்பிய இளைஞர். ஆற்றைக் கடந்து வந்த ஓநாய்க் கூட்டத்தைச் சுட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனபோது, தாய் ஓநாயின் கண்ணில் ஒரு பச்சைத் தீ அணைந்துகொண்டிருந்தது. பலரும் இந்தக் காட்சியோடு விடையை முடித்துவிடுகிறார்கள். அடுத்த பத்தியில்தான் விஷயம் இருக்கிறது: ஓநாய் ஒழிந்த மலைகளில் மான்கள் பெருகி, புதர், மரக்கன்று ஒன்றையும் விடாமல் மேய்ந்து, கடைசியில் பட்டினியால் செத்துக் கிடக்கின்றன. காரண காரியத்தோடு இதை எழுதினால் மண், நீர், செடி, விலங்கு எல்லாம் சேர்ந்த சமூகத்தில் மனிதரும் ஓர் உறுப்பினரே என்கிற அவருடைய நில அறம் என்ற கருத்துக்குத் தனி விளக்கமே வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் விஸ்கான்சினில் இடி விழுந்து பட்டுப்போன ஓக் மரத்தை அறுக்கும் பகுதி. ரம்பம் ஒவ்வொரு வளையமாக உள்ளே போகப் போக, அந்தந்த ஆண்டில் அந்த மண்ணில் எது அழிந்தது, எது பிழைத்தது என்று சொல்லிக்கொண்டே பின்னோக்கிப் போகிறார். மரத்தின் மையத்தை எட்டும்போது 1865. லியோபோல்டு சொல்வதன்படி, அந்த ஆண்டில்தான் இயற்கைப் பாதுகாப்புக்காக எழுதிய ஜான் மியூர், காட்டுப்பூக்களைக் காப்பாற்றத் தன் சகோதரரிடம் பண்ணையில் ஒரு துண்டு நிலத்தை விலைக்குக் கேட்கிறார். சகோதரர் தரவில்லை. லியோபோல்டிலிருந்து மியூருக்குப் போக இதைவிட நல்ல வழி கிடையாது.

மியூரிடம் வந்ததும் மறுபடி அந்தக் கடைசிக் கேள்வி. அவர் கொண்டாடிய கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அவானீச்சி பழங்குடியினர் வாழ்ந்தார்கள். 1851-ல் ஆயுதப் படை புகுந்து அவர்களை விரட்டியது. 1864-ல் அதே பள்ளத்தாக்கு பாதுகாக்கப்பட்ட இடமானது. இதைத் தெரிந்துகொண்டு 1964-ன் அமெரிக்க வனாந்தரச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். மனிதர் வந்துபோகும் விருந்தாளி மட்டுமே என்கிற அதன் வரையறை நெஞ்சில் தைக்கும்.

அப்புறம் தியரி தானாக வழிக்கு வரும். இந்திய வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹாவின் 1989 கட்டுரை, மனிதரை வெளியே வைத்துக் காட்டைக் காக்கும் அமெரிக்க மாதிரியை இந்தியாவில் நட்டால் அடிபடுவது ஏழைகள் என்று புலித் திட்டத்தை முன்வைத்து வாதிடுகிறது. அமெரிக்க வரலாற்றாசிரியர் வில்லியம் குரோனனின் 1995 கட்டுரை, மனிதர் தொடாத காடு என்பதே மனிதர் கட்டிய கற்பனை என்கிறது. இருவரையும் ஒரே கட்சியாக்கிவிடாதீர்கள். குஹாவின் கவலை நிலமும் பிழைப்பும், குரோனனுடையது நம் பார்வை.

ரேச்சல் கார்சனுக்கு அவருடைய 'மௌன வசந்தம்' (Silent Spring) வெளிவந்த 1962, டிடிடி பூச்சிக்கொல்லி, உணவுச் சங்கிலி ஆகியவை தெளிவாக இருந்தால் போதும். மீதி நேரத்தில் ஓக் மரப் பகுதியை இன்னொரு முறை வாய்விட்டுப் படியுங்கள்.