அக்கா, ஒண்ணுமே வந்ததில்லையா?

மலேசியாவில் எங்கள் பேராக் மாநில சுகாதார இலாகாவிலிருந்து சோதனைக்கு வந்த அந்த அதிகாரி மதியம் வரை எங்கள் கிளினிக்கில் இருந்தார். அவர் கேட்டதில் முக்கால்வாசி எனக்கு மறந்துவிட்டது. ஒரே ஒரு கேள்வி மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அதை அவர் இரண்டு தரம் கேட்டார். முதலில் மலாயில், புகார்ப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "அடுவான் தியாடா, புவான்?" (புகார் இல்லையா, அம்மா?) என்றார். "தியாடா, என்சிக்" (இல்லை, ஐயா) என்றேன். அப்புறம் பெரிய டாக்டர் போன் பேச உள்ளே போனார். அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டுத் தமிழில் கேட்டார்: "அக்கா, உண்மையிலேயே ஒண்ணுமே வந்ததில்லையா?"

"இல்லீங்க சார்."

புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை என்பது உண்மை. அதனால் நான் பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று.

மற்றபடி அன்று நாங்கள் நன்றாகவே செய்தோம். தடுப்பூசி ஃபிரிட்ஜ் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. காலையும் மாலையும் நான் எழுதி வைத்த சூட்டுக் கணக்கைக் காட்டினேன். குத்தி முடித்த ஊசிகளைப் போட்டு வைக்கும் மஞ்சள் டப்பா, மருத்துவக் கழிவு எடுத்துப்போன ரசீது, டாக்டர்களின் ஆண்டுச் சான்றிதழ், தூக்க மாத்திரைக் கணக்கு எல்லாம் சரி. டெங்கி என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் போக வேண்டுமே, அதை யார் செய்வது என்று கேட்டார். "நான்தான்" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

பெரிய டாக்டருக்கு இந்தச் சோதனை என்றாலே ஆகாது. எங்களைப் போன்ற கிளினிக்குகள் அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்பதே 2006 மே 1-ஆம் தேதி வந்ததுதான். சட்டம் 1998-இல் போட்டது, நடைமுறைக்கு வர அத்தனை வருஷம். பதியாமல் நடத்தினால் 3 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 6 வருஷம் வரை சிறை. "ஊசி போட்டவனுக்கும் ஆளைக் குத்தினவனுக்கும் ஒரே ஜெயிலா?" என்பார். அவர் கோபத்தில் பாதி நியாயம். மீதிப் பாதியை நான் அவரிடம் சொன்னதில்லை. கேள்வி கேட்க ஆளே இல்லாத காலம் ஒன்று இங்கே இருந்ததை அவரைவிட எங்கள் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும். ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர், அதாவது மருத்துவ உதவியாளர், வைத்ததுதான் சட்டம். அவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் நோய், இல்லாவிட்டால் ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர்மேல் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கிராணியிடமா? தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்து லய வீடுகளில் இருந்த ஜனங்கள் சுங்கை சிப்புட் டவுனுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் குடிவந்தார்கள். வாயை மூடிக்கொள்ளும் பழக்கமும் சாமான்களோடு சேர்ந்து வந்தது. எங்கள் புகார்ப் புத்தகம் காலியாக இருப்பதற்கு அது ஒரு காரணம். டாக்டர் நல்லவர் என்பது இன்னொரு காரணம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதிகாரி கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது ஓர் அம்மா. அவர் யார் என்று தெரியும்படி எதுவும் எழுத மாட்டேன். பெண்களுக்கு வரும் ஒரு தொந்தரவுக்காக டாக்டரைப் பார்க்க வந்தார். மறுநாள் பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, தெரிந்தவர் ஒருவர் அன்பாக, "இப்ப ரத்தம் நின்னுடுச்சா?" என்று கேட்டிருக்கிறார். விசாரித்தவர் கெட்டவர் இல்லை. முந்தின நாள் டாக்டர் அறைக்கு வெளியே எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், அவ்வளவுதான். அந்த அம்மா என்னிடம் வந்து, "மிஸ்ஸி, உன்கிட்டதான் சொல்றேன், வேற யார்கிட்டயும் போயிடக் கூடாது" என்றார். அதற்குப் பிறகு தன் உடம்புக்கு என்றால் ஈப்போ பஸ் ஏறுகிறார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் எங்களிடமே வருகிறார்.

நீங்கள்தான் சொல்லுங்கள், இதை எப்படி அந்தப் புத்தகத்தில் எழுதுவது? பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், போன் நம்பர், புகார் விவரம், எடுத்த நடவடிக்கை என்று கட்டம் கட்டிய புத்தகம். கவுண்டரில் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் புரட்டலாம். என் விஷயம் வெளியே போய்விட்டது என்று ஒருவர் அதில் எழுதினால், மிச்சம் இருப்பவர்களுக்கும் தெரிந்துவிடும்.

அதிகாரி டாக்டர் அறையின் கதவையும் சோதித்தார் என்பதுதான் வேடிக்கை. மூடினார், திறந்தார், டிக் போட்டார். கதவில் ஒரு குறையும் கிடையாது, நன்றாகவே மூடும். நாங்கள்தான் மூடுவதில்லை. ஆண் டாக்டர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று மருத்துவ மன்றம் சொல்கிறது, சரியான விதிதான். ஆனால் என்னோடு வேலை பார்க்கும் மற்ற பிள்ளை சாப்பிடப் போன நேரத்தில் அந்தப் பெண்ணும் நான்தான், கவுண்டரும் நான்தான், மருந்து கட்டுவதும் போன் எடுப்பதும் நான்தான். ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நிற்பேன். கதவு பாதி திறந்தே இருக்கும். ஒரு விதியைக் காப்பாற்ற இன்னொன்றைக் கைவிடுகிறோம். இரண்டும் தனித்தனியாக டிக் வாங்கிவிடும். அவர் வந்த அன்று காலை நோயாளிகளைப் பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வரச் சொல்லியிருந்தோம், மற்ற பிள்ளையும் இருந்தாள். அவர் பார்த்தது உண்மையான கிளினிக்தான், ஆனால் ஆளில்லாத கிளினிக்.

ஆகவே நான் "இல்லை" என்றது அந்த அம்மாவுக்காக என்று வைத்துக்கொள்ளலாம். ரொம்ப நாள் அப்படித்தான் வைத்திருந்தேன். ஆனால் பெயரே சொல்லாமல், "வெளிய உட்கார்ந்திருக்கிறவங்களுக்குக் கேக்குது சார்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாமே? அதற்கு அந்த அம்மா தேவையே இல்லையே? அப்போது அது யாருக்காகச் சொன்ன "இல்லை"?

பெரிய டாக்டருக்காக என்றும் சொல்லிப் பார்க்கிறேன். அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளிக்குப் பார்க்கலாம். இருந்தும் ஜனங்கள் இவரைத் தேடி வருகிறார்கள் என்றால், கையில் காசில்லாத மாதம் கடன் நோட்டில் எழுதிக்கொண்டு மருந்து கொடுப்பவர் இவர். இப்படிப்பட்டவரை அதிகாரியிடம் காட்டிக்கொடுப்பதா? ஆனால் காட்டிக்கொடுப்பது என்ற நினைப்பே எனக்கு எங்கிருந்து வந்தது? அதிகாரி கேட்டது குற்றத்தையா, குறையையா?

அந்த மூடிய பேனாவும் என்னைக் குழப்புகிறது. எழுதாமல் தெரிந்துகொள்ள நினைத்தாரா? சும்மா ஒரு தமிழ் ஆள் இன்னொரு தமிழ் ஆளிடம் பேச்சுக்குக் கேட்டதா? நான் சொல்லியிருந்தால் அவர் பேனாவைத் திரும்ப எடுத்திருப்பார் என்று ஒரு நாள் தோன்றுகிறது. எடுத்திருக்கவே மாட்டார், சத்தமில்லாமல் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்று மறுநாள் தோன்றுகிறது. எழுதிக்கொண்டே கேட்டிருந்தால் பயத்தில் "இல்லை" என்றேன் என்று நிம்மதியாக இருந்திருப்பேன். அந்தச் சாக்கையும் அவர் விட்டுவைக்கவில்லை.

பிறகு கடிதம் வந்தது. தீயணைப்புக் கருவியின் தேதி முடிந்துவிட்டது, ஆக்சிஜன் சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டவில்லை, இந்த இரண்டுதான். சரிசெய்து படம் எடுத்து அனுப்பிவிட்டோம்.

அதற்கு அப்புறம்தான் சின்ன டாக்டரிடம், யாரையும் குறிப்பிடாமல், உள்ளே பேசுவது பெஞ்சு வரைக்கும் கேட்கிறது என்று சொன்னேன். கதவை மூட இன்னோர் ஆள் வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு வெளியே ஒரு ரேடியோ வைத்தார். கெட்ட யோசனை என்று சொல்ல மாட்டேன், செலவும் குறைவு. இப்போது காலையிலிருந்து மின்னல் எஃப்எம் ஓடுகிறது. காது மந்தமான தாத்தாக்கள் அதை மீறி உள்ளே கத்துகிறார்கள், டாக்டரும் பதிலுக்குக் கத்துகிறார். பெஞ்சில் இருப்பவர்களில் பாதிப் பேர் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள், பாதிப் பேர் பாட்டு கேட்கவில்லை, கூட்டு என்கிறார்கள்.