காத்து மாறிச்சா?

பங்குனி பிறந்துவிட்டால் காலை பத்தரைக்கு மேல் எந்த நேரமும் அம்மாவிடமிருந்து போன் வரும். "காத்து மாறிச்சா பாப்பா?" அவ்வளவுதான் கேள்வி. சாப்பிட்டாயா, பிள்ளை படிக்கிறானா என்பதெல்லாம் சாயங்காலப் போனுக்கு.

அம்மா இருப்பது காடாம்புலியூர்ப் பக்கம், முந்திரித் தோப்பில். நான் கடலூர் புதுப்பாளையத்தில், மாடி அறையில் ஒரு தையல் மெஷினோடு. எனக்குக் கிழக்கே இரண்டு கிலோமீட்டர் சொச்சத்தில் தேவனாம்பட்டினம் கடல். அம்மாவுக்கும் கடலுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டராவது இருக்கும். கடலில் கிளம்புகிற காற்று என் மாடியைத் தாண்டித்தான் அவள் களத்துக்குப் போயாக வேண்டும். ஆக, நான் அவளுடைய செக்போஸ்ட்.

பங்குனி, சித்திரையில் முந்திரிக் கொட்டை களத்தில் காய்ந்துகொண்டிருக்கும். பொறுக்கி, பழத்திலிருந்து திருகி எடுத்து, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் உலர்த்தினால்தான் உள்ளே பருப்பு கெட்டிப்படும். கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். அந்த நேரத்தில் ஒரு மழை நனைத்தால் தோல் கறுத்துவிடும், வியாபாரி விலையைக் குறைக்க அது போதும். பூ இருக்கும்போது நாலு நாள் மூட்டம் போட்டாலே பூ கருகும், தேயிலைக் கொசு என்கிற சாறுறிஞ்சும் பூச்சி வரும். ஆனால் தோப்புக்கு மழையே வேண்டாம் என்றும் அம்மா சொல்லமாட்டாள். கோடையில் ஒரு உழவு ஓட்ட ஈரம் வேண்டுமே. அவளுக்கு வேண்டியது மழை. அதுவும் கொட்டையை அள்ளிய பிறகு வரும் மழை.

இளவேனில் என்று பள்ளியில் படித்தது சித்திரையும் வைகாசியும். பங்குனி கணக்குப்படி பின்பனிக் காலம். எங்கள் ஊரில் பனி மாசியோடு விடைபெற்றுக்கொள்கிறது. பங்குனியில் நான் பிளவுஸுக்கு அளவெடுக்கும்போதே டேப் கையில் ஒட்டுகிறது.

போன வருஷம் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் போனில் ரேடார் படம் பார்க்கப் பழகியிருந்தேன். காரைக்காலில் ஒன்று, சென்னையில் ஒன்று. சென்னையில் இருப்பது 2002லேயே வந்தது, நாட்டின் முதல் டாப்ளர் வானிலை ரேடார். பச்சை என்றால் தூறல், மஞ்சள் என்றால் மழை, சிவப்பு என்றால் கொட்டுகிறது என்று கற்றுக்கொண்டு, பெரிய விஞ்ஞானி மாதிரி ஆகிவிட்டேன். ஒருநாள் மதியம் இரண்டரைக்கு அம்மா கேட்டாள், அள்ளட்டுமா என்று. ரேடாரைப் பார்த்தேன். சேலம் வரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. "ஒண்ணும் இல்லம்மா, இன்னும் ரெண்டு மணி நேரம் காயட்டும்" என்றேன். மூன்றே காலுக்கு அவள் தலைக்கு மேலேயே மேகம் முளைத்து, மூன்றே முக்காலுக்கு நாலு மூட்டைக் கொட்டை நனைந்தது. எங்கிருந்தோ வந்த மழை இல்லை அது, அங்கேயே பிறந்தது.

அம்மா திட்டவில்லை. "சரி விடு" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதுதான் ஒரு வாரம் உறுத்தியது.

ரேடாருக்குத் தெரிவது ஏற்கெனவே உண்டான மழை. வயிற்றில் இருக்கிற பிள்ளையை அது காட்டாது. அதோடு இன்னொன்று: பூமி உருண்டை, ரேடாரின் கதிரோ கொஞ்சம் மேல் நோக்கிப் போவது. சென்னையிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி எங்கள் பக்கம் வருவதற்குள் அது தரையிலிருந்து இரண்டரை கிலோமீட்டருக்கு மேலே போய்விடுகிறது. கீழே என்ன சேர்ந்துகொண்டிருக்கிறது என்பதை மாடியில் நிற்கிற நான்தான் பார்க்க வேண்டும்.

அதனால் இந்த வருஷம் மாடியில் சொந்தமாக ஒரு ஏற்பாடு. கொடிக்கம்பியின் நுனியில் சிவப்பு லைனிங் துணியில் ஒரு நீளத் துண்டு, காற்றுத் திசைக்கு. நிழலில் இரண்டு தெர்மாமீட்டர், பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் குமிழில் மல் துணியைச் சுற்றி, துணியின் வாலை ஒரு சின்னத் தண்ணீர்ப் புட்டியில் விட்டிருக்கிறேன். காற்று வறண்டிருந்தால் துணியிலிருந்து தண்ணீர் வேகமாக ஆவியாகி அந்தக் குமிழைக் குளிரவைக்கும். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும். காற்றில் ஈரம் ஏற ஏற இடைவெளி சுருங்கும். எங்கள் வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு, "வெயில் காலத்துல புழுங்குதுன்னு தெரிஞ்சிக்க ரெண்டு தெர்மாமீட்டரா?" என்றார். புழுக்கம் எத்தனை மணிக்கு வந்தது என்று அவர் முதுகு சொல்லாதே.

போன வியாழக்கிழமை. காலை பத்தரைக்கு, மேற்கிலிருந்து வரும் மேல்காற்று. சருகும் புழுதியும் மணக்கிற, உதட்டை வெடிக்க வைக்கிற காற்று. லைனிங் துண்டு கடலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த குமிழில் 34, ஈரக் குமிழில் 24. பத்து டிகிரி இடைவெளி. ஈரப்பதம் நாற்பது சொச்சம் சதவீதம். அம்மா போன். "இன்னும் இல்லம்மா."

பதினொன்று இருபதுக்கு மெஷினில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் திரை உள்ளே உறிஞ்சின மாதிரி ஒட்டிக்கொண்டு, பிறகு செத்துத் தொங்கியது. எழுந்து வெளியே போனால் லைனிங் துண்டும் தொங்குகிறது. தெருவில் சத்தமெல்லாம் பக்கத்தில் கேட்கிற மாதிரி ஒரு அசையாமை, ஐந்து நிமிஷம் இருக்கும். அப்புறம் துண்டின் நுனி மெல்லத் தூக்கி, மேற்கே நீட்டியது. உப்பும் மீனும் மணந்தது. கால் மணி நேரத்தில் 32, 27. இடைவெளி ஐந்துதான். ஈரப்பதம் 68க்குப் பக்கம். உடம்புக்குச் சுகமான காற்று, ஆனால் வேர்வை காய்வதில்லை.

"மாறிடுச்சும்மா. பதினொண்ணு இருபதுக்கே."

"அப்ப எனக்கு ரெண்டுக்குள்ள வந்துடும். ரெண்டரைக்கு அள்ளிடறேன்."

இந்தக் காற்றுதான் விஷயம். எங்கள் ஊரில் கோடை மழை என்றால் எல்லோரும் மேற்கே பார்ப்பார்கள். மழை அங்கிருந்துதான் வரும், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி என்று பஸ் ரூட் மாதிரி. மேலே ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்தில் மேல்காற்று ஓடுவதால் மேகங்களைக் கடல் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வருகிறது. அதெல்லாம் சரி. ஆனால் அந்த மேகத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து? கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் பங்குனியில் கிணறே வறண்டு கிடக்கும். காலையில் நம் தலையைத் தாண்டி உள்ளே போன கடல்காற்றுதான் சுமந்து போகிறது. அது உள்நாட்டின் வறண்ட சூட்டுக் காற்றோடு முட்டுகிற கோட்டில், போக வழியில்லாமல் மேலே எழும்புகிறது. ஈரக் காற்று எழும்பிக் குளிர்ந்தால் மேகம். வானிலை மையத்தின் அறிக்கையில் 'காற்றின் திசை மாறுபடும் பகுதி' என்று வரும்போதெல்லாம் இதையே பெரிய அளவில் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்கிறேன். காலையில் மேற்கே போன பாலை, சாயங்காலம் மேற்கேயிருந்து மோராக வாங்கிக்கொள்கிறோம்.

பழந்தமிழில் நாலு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர். வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல். கொண்டல் என்றால் கீழ்க்காற்று, கொண்டல் என்றால் மேகமும்தான். இதை எட்டாம் வகுப்பில் ஒரு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்தேன். இரண்டுக்கும் ஏன் ஒரே பெயர் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கடல்காற்று வந்தால் மழை உறுதி என்றும் இல்லை. இந்தப் பங்குனியிலேயே எட்டு நாள் பதினொன்றரைக்கு முன்னால் காற்று மாறியது, ஒரு சொட்டு இல்லை. மேற்கே மேகம் கோபுரம் கோபுரமாக எழும், ஒரு உயரத்தில் யாரோ தலையில் குட்டியது மாதிரி தட்டையாகி, பரவி, கரைந்துவிடும். மேலே ஒரு வறண்ட சூட்டு அடுக்கு மூடி போட்ட மாதிரி இருந்தால் அப்படித்தான். அந்த அடுக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் தினமும் காலை ஐந்தரைக்குச் சென்னையிலும் காரைக்காலிலும் பலூன் விடுகிறார்கள். மூடி லேசாக இருக்கிற நாளில் சீக்கிரமே ஆங்காங்கே சில்லறை மேகமாகச் செலவாகிவிடும். கெட்டியாக இருந்து, சாயங்காலம் நாலு மணிக்குத் திடீரென்று திறந்தால்தான் ஆட்டம். தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்பார்கள். அது ஐப்பசிக்குச் சரி. பங்குனியில் நான் தட்டானையே பார்ப்பதில்லை.

வியாழன் மூடி திறந்த நாள். மூன்று மணிக்கு மேற்கே ஒரு கோபுரம், வெள்ளை வெளேரென்று, ஓரம் கத்தரித்த மாதிரி கூர்மையாக. ஓரம் கூர்மையாக இருந்தால் இன்னும் வளர்கிறது என்று அர்த்தம். மூன்றரைக்கு அதன் தலை விரிந்து, கொல்லன் பட்டறைக்கல் மாதிரி ஒரு பக்கம் நீண்டது. நேர் மேற்கே, கல்வராயன் மலைப் பக்கம். நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஆனால் அதன் தலை பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் புதுப்பாளையத்து மாடிக்கும் தெரிகிறது. நாலு மணிக்கு ரேடாரில் கள்ளக்குறிச்சியில் ஒரு சிவப்பு, உளுந்தூர்பேட்டையில் ஒரு சிவப்பு. நாலே முக்காலுக்கு இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் பண்ருட்டிக்குப் பக்கத்தில் மூன்றாவது. போன வருஷத்துக் கதைதான். இந்த முறை கொட்டை உள்ளே இருந்தது.

தாமினி என்று ஒரு செயலி இருக்கிறது, புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் கொடுத்தது. சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுவதைச் சொல்லும். அதில் அம்மா ஊர் வட்டத்துக்குள் வந்ததும் போன் போட்டேன். "மின்னுது, பேசாத, வை" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். கையில் இருக்கிற செல்போன் மின்னலை இழுக்காது, சார்ஜரில் செருகியிருந்தால்தான் வம்பு. அதை அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. ஆனால் வீட்டுக்குள் போய்விட்டாள் என்பது தெரிந்தது, அது போதும். என் பயம் வேறு: மழை வந்தால் முந்திரி மரத்தடியில் ஒதுங்குகிற பழக்கம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் உள்ளே போ, கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் கழித்து வெளியே வா என்று காலண்டர் அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறேன்.

அந்த மரங்கள்கூடப் புது மரங்கள்தான். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் எங்கள் கரையில் ஏறியபோது அப்பா வைத்த மரம் அத்தனையும் வேரோடு போயிற்று, பலாவும் சேர்த்து. அதற்கப்புறம் வைத்த ஒட்டுக்கன்று இவை, குட்டையாக, படர்ந்து. அன்றிலிருந்து அம்மாவுக்குக் கிழக்கு என்றால் பயம். பங்குனியில் மட்டும் கிழக்கே என்ன நடக்கிறது என்று தானாகக் கேட்கிறாள்.

இங்கே ஆறு இருபதுக்கு லைனிங் துண்டு சட்டென்று திரும்பிக் கடலைப் பார்த்தது. மழையில் குளிர்ந்து கீழே கொட்டிய காற்று, மழைக்கு முன்னால் ஓடி வருவது. மண்வாசனை வந்தது, பண்ருட்டி மண்ணின் வாசனையாக இருக்க வேண்டும், எங்கள் தெரு இன்னும் நனையவில்லை. பத்து நிமிஷத்தில் 31லிருந்து 25. கெடிலம் ஆற்று மணல் முழுக்க மாடிக்கு வந்த மாதிரி ஒரு புழுதி. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மேற்கு முழுக்க ஊதா. உள்ளுக்குள்ளே மேகம் மேகமாக விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது.

அவ்வளவுதான் எங்களுக்கு. கடலுக்குப் பக்கத்தில் வந்ததும், மதியமே கடல்காற்று குளிர வைத்துவிட்ட தரையில் அதற்குத் தீனி கிடைக்கவில்லை போல. இடி தெற்கே பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒதுங்கிவிட்டது.

ஏழரைக்கு அம்மா போன். வாசலில் ஒரு எவர்சில்வர் சம்படம் வைத்திருக்கிறாள், அடியும் வாயும் ஒரே அகலம். நான் கொடுத்த பழைய இன்ச் டேப்பை விட்டு அளந்திருக்கிறாள். "ரெண்டு சென்டிமீட்டர், மேல மூணு கோடு." இருபத்து மூன்று மில்லிமீட்டர். ஒரு உழவுக்கு ஆகும். குரலிலேயே ஈரம் தெரிந்தது. "டிவில ஓரிரு இடங்களில்னு சொன்னான் பாரு, அந்த ஓரிரு இடம் நம்ம தோப்புதான்" என்று சிரித்தாள். பிறகு, "அங்க?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலையில் அரிசிக்கூழ் கிண்டி, பழைய புடவையை விரித்து மாடியில் வடகம் ஊற்றியிருந்தேன். அள்ளவே இல்லை. அதற்கு இரண்டடி தள்ளி நின்றுதான் மூன்று மணி நேரம் மேகம் பார்த்திருக்கிறேன். போனைக் காதில் வைத்தபடியே டார்ச்சோடு போனேன். வடகத்தின் மேல் மெல்லிசாக மணல். புடவையில் பெரிய பெரிய வட்டமாக மழைத்துளி விழுந்த அடையாளம். எண்ணினேன்.

"பன்னெண்டு சொட்டும்மா."