58 வெற்றிகளும் நான்கு தோல்விகளும்

ஐ.பி.எல். புள்ளிப் பட்டியலை விரல் நுனியில் வைத்திருக்கும் பெங்களூர் நண்பர்களிடம், 2022-23 சீசன் முழுவதும் ஐடஹோ ஸ்டீல்ஹெட்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியின் பின்னால் அலைந்தேன் என்று சொன்னால், அந்த அணி எந்த லீகில் ஆடுகிறது என்பதையே முதலில் விளக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்சத்தில் இருப்பது என்.எச்.எல். அதற்கு அடுத்த படி ஏ.எச்.எல். அதற்கும் கீழே, மூன்றாம் படியில் இருப்பது இ.சி.எச்.எல். 1988இல் கிழக்குக் கடற்கரை அணிகளோடு தொடங்கிய இந்த லீகில் அந்த சீசனில் 28 அணிகள் ஆடின. ஸ்டீல்ஹெட்ஸின் ஊரான பாய்ஸியில் எங்கள் வாடிக்கையாளர் அலுவலகம் இருக்கிறது. வேலைப் பேச்சுக்கு நடுவே தொற்றிக்கொண்ட பித்து இது.

பாய்ஸியில் பெரும்பாலும் புதன், வெள்ளி, சனி என ஒரே எதிரணியோடு மூன்று ஆட்டங்கள் நடக்கும். அங்கே மாலை 7.10 என்றால் குளிர்காலத்தில் நமக்கு மறுநாள் காலை 7.40. வியாழக்கிழமை ஆட்டங்களை அலுவலகப் பேருந்தில் கைபேசியில் பார்ப்பேன். சில்க் போர்டு நெரிசலைக் கடப்பதற்குள் இருபது நிமிட பீரியடு ஒன்று தாராளமாக முடிந்துவிடும். ஞாயிறு ஆட்டங்களை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது அல்சூரிலிருந்து வரும் மாமனாரும் உட்கார்ந்துகொள்வார். "பந்தே கண்ணுக்குத் தெரியலையே மாப்பிள்ளை" என்று அவர் அலுத்துக்கொண்டபோது, கோல்கீப்பரை மட்டும் பாருங்கள் என்றேன். புதிதாக நீர் விட்டு உறையவைத்த பனி அதிகம் வழுக்கும் என்பதால், ஒவ்வொரு பீரியடு தொடங்கும் முன்பும் கோல்கீப்பர் தன் இடத்தில் பக்கவாட்டில் முன்னும் பின்னுமாகச் சறுக்கி, காலணித் தகட்டால் அதைச் சுரண்டிச் சொரசொரப்பாக்குவார். பிறகு, திரும்பிப் பார்க்காமலேயே மட்டையால் இரண்டு கம்பங்களையும் தட்டித் தான் நிற்கும் இடத்தை உறுதி செய்துகொள்வார். மாமனாருக்கு அது பிடித்துப்போயிற்று. அதன் பிறகு அவர், பந்துக்குப் பதிலாக ஆடப்படும் பக் என்ற ரப்பர் வட்டு எங்கே போகிறது என்று கேட்கவே இல்லை.

இந்த லீகில் ஓர் அணியைக் கட்டிக்காப்பது எவ்வளவு கடினம் என்பது வெறும் ஸ்கோரைப் பார்த்தால் தெரியாது. ஸ்டீல்ஹெட்ஸ், என்.எச்.எல். அணியான டல்லாஸ் ஸ்டார்ஸோடு இணைந்த அணி. இடையில் ஏ.எச்.எல்.லில் டெக்சாஸ் ஸ்டார்ஸ் இருக்கிறது. மேலே ஒருவருக்குக் காயம் என்றால், கீழே நன்றாக ஆடிக்கொண்டிருப்பவருக்கு அழைப்பு வரும்; அன்று இரவே அவர் கிளம்பிவிடுவார், மறுநாள் ஆட்டத்தைப் பயிற்சியாளர் இருப்பவர்களை வைத்துச் சமாளிக்க வேண்டும். அனுபவசாலிகளை நிறையச் சேர்த்து ஈடுகட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை: 260 தொழில்முறை ஆட்டங்களைத் தாண்டியவர்களில், கோல்கீப்பர்களைத் தவிர்த்து, நான்கு பேருக்குத்தான் அணியில் இடம். ஆண்டுக்கு 72 ஆட்டங்கள் என்னும்போது, நான்காவது சீசன் முடிவதற்குள் ஒருவர் அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். அதற்குள் மேலே போகாவிட்டால், அந்த நான்கு இடங்களில் ஒன்றுக்குத்தான் அவர் மோத வேண்டும். இளைஞர்களை வளர்க்க இது நல்ல விதிதான். ஆனால் முப்பதை நெருங்கும் ஆட்டக்காரரிடம் இரக்கமில்லாத விதி. ஜொனாதன் குவிக், பிராடன் ஹோல்ட்பி, ஜோர்டன் பின்னிங்டன் ஆகிய கோல்கீப்பர்கள் இந்த லீகில் ஆடியபின் என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பையை வென்றவர்கள் என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். இங்கேயே நின்றுவிட்டவர்களின் பட்டியல் அதைவிட மிக நீளமானது.

இத்தனைக்கும் நடுவில் ஸ்டீல்ஹெட்ஸ் அந்த சீசனில் 72 லீக் சுற்று ஆட்டங்களில் 58ஐ வென்று 119 புள்ளிகள் குவித்தது. வெற்றிக்கு இரண்டு புள்ளிகள், ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ தோற்றால் ஒன்று. வெற்றி, புள்ளி இரண்டிலும் அது அதுவரை லீக் காணாத சாதனை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இவர்கள் தோற்றால்தான் செய்தி என்ற நிலை இருந்தது. லீக் சுற்றில் முதலிடம் பிடித்ததற்காக, லீகை நிறுவியவர்களில் ஒருவரான ஹென்றி பிராபமின் பெயரால் வழங்கப்படும் கோப்பை கிடைத்தது.

ஆனால் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது, லீக் சுற்றுக்குப் பின் பிளே-ஆஃபில் வெல்பவருக்கான கெல்லி கோப்பையைத்தான். அதற்குப் பதினாறு அணிகள் மோதும் நான்கு சுற்றுகள் உண்டு. ஒவ்வொன்றும் நான்கு வெற்றிகளை முதலில் எட்டுபவருக்கு. மூன்று சுற்றுகளைத் தாண்டி இறுதிக்கு வந்த ஸ்டீல்ஹெட்ஸ், ஜூன் மாதத்தில் புளோரிடா எவர்பிளேட்ஸிடம் நான்கு ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றது. பனி பெய்யாத ஊரான எஸ்டெரோவின் அணி அது. எவர்பிளேட்ஸின் கோல்கீப்பர் கேம் ஜான்சன், பிளே-ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருதைத் தொடர்ந்து இரண்டாம் ஆண்டாக வென்றார். அந்த அணி 2024இலும் கோப்பையை வென்று, தொடர்ந்து மூன்று முறை வென்ற முதல் அணியானது. ஆகவே தோற்றது ஏதோ அதிர்ஷ்டக் குறைவால் என்று நான் வாதிடப் போவதில்லை.

இருந்தாலும், ஆள் மாறி மாறி ஏழு மாதங்கள் ஆடிப் பெற்ற 119 புள்ளிகளை நான்கு ஆட்டங்கள் அழித்துவிட்டதாகப் பாய்ஸி நண்பர்கள் புலம்பியபோது எனக்கு உடன்பாடு இல்லை. இறுதிச்சுற்றில் தெரிவது, அந்த வாரத்தில் எந்த அணி மேலானது என்பதுதான். அழைப்பு வந்து ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகும் ஜெயித்துக்கொண்டே இருக்கும் அணியைக் கட்டியது, இந்த லீகைப் பொறுத்தவரை அதைவிடக் கடினமான வேலை என்பது என் கட்சி. மாமனார் இதை ஏற்கவில்லை. கடைசியில் கோப்பையைத் தூக்கியவன் எவனோ அவன்தான் ஜெயித்தவன் என்கிறார்.