கோட்டை மணிக்கூட்டுக் கோபுரமும் கண்ணாடிச் செருப்பும்

நீராவி இயந்திரமும் பித்தளைப் பல்சக்கரமும் ஓடுகிற விக்டோரியா காலத்துத் துப்பறியும் கதைகள் என்றால் எனக்கு உயிர். கொலை நடக்கும், ஆனால் இரத்தம் தெறிக்காது. வெள்ளவத்தை வீட்டு விறாந்தையில் இஞ்சிப் பிளேன்டீயோடு இருந்து நிம்மதியாக வாசிக்கலாம். அதற்குள் ஒரு தேவதைக் கதையும் புகுந்துவிட்டால் இன்னும் விசேஷம்.

இதற்குக் கொழும்பைவிடப் பொருத்தமான ஊர் எது? கொழும்புக் கோட்டைப் பகுதியில் இருக்கும் சாத்தம் வீதி மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பாருங்கள். 1857இல் கட்டியது, வடிவமைத்தவர் ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி எமிலி! பிறகு அதுவே 1952 வரை கலங்கரை விளக்காகவும் எரிந்தது.

1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல்ஸ் பெரோ எழுதிய சின்ரெல்லாவில் கண்ணாடிச் செருப்பும் இருக்கிறது, நள்ளிரவுக் கெடுவும் இருக்கிறது. (ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் சொன்ன அதே கதையில் செருப்பு தங்கம்.) சரி, அந்த நள்ளிரவு மணியை நம் கோட்டையில் அடிக்கவிடுங்கள். யாரோ கோபுரத்தில் ஏறி ஒரு பல்சக்கரத்தை மாற்றிவிட்டார்கள். மணி அரை மணித்தியாலம் முந்தி அடிக்கிறது. சின்ரெல்லா பதறி ஓடுகிறாள். விருந்து மண்டபத்தில் ஒரு பிணம், படியில் அவள் செருப்பு.

பெயரையும் உடுப்பையும் மட்டும் மாற்றிய மறுகதைகள் எனக்குப் பிடிப்பதில்லை. மந்திரக்கோல் இருந்த இடத்தில் ஒரு காரணம் வரவேண்டும். முதல் அத்தியாயத்தைத் தொடங்கிவிட்டேன். துப்புத் துலக்கப்போவது மாற்றாந்தாயின் இளைய மகள்.