இரவு இரண்டு மணிக்கு யார் திருப்புவது?

இலங்கையின் வன்னியில் வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் தேடுகிறவர்கள் "ஆளோட கூட இருந்தாச் சரி" என்றுதான் சொல்வார்கள். சம்பளமும் அந்தச் சொல்லை வைத்தே பேசப்படுகிறது. போரில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு 2009 இற்குப் பிறகு வீட்டோடு வாழ்கிறவர்களுக்குச் செய்யும் வேலை கூட இருப்பது மட்டுமல்ல. அதை மணிக்கணக்காகப் பிரித்துப் பார்த்தால்தான் சம்பளப் பேச்சுக்கு ஓர் அடிப்படை கிடைக்கும்.

இரவை எடுப்போம். இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாதவருக்கு எலும்பு மெத்தையில் அழுத்துவது தெரியாது. தூக்கத்தில் தானாகப் புரளவும் முடியாது. 10 மணிக்குப் படுக்க வைத்தால் 12, 2, 4, 6 என்று திருப்ப வேண்டும். இழுத்துத் திருப்பக் கூடாது, தோல் விரிப்பில் உரசிக் கிழியும். முதலில் சிறுநீரை வெளியேற்றும் கதீற்றர் குழாயையும் சிறுநீர்ப் பையையும் திரும்பப்போகும் பக்கத்துக்கு மாற்றவேண்டும். பிறகு முழங்காலை மடித்து, தோளிலும் இடுப்பிலும் கைவைத்து, உடம்பை ஒரே வீச்சில் உருட்டவேண்டும். முழுதாக ஒரு பக்கமாகச் சரிந்து படுத்தால் இடுப்பெலும்பு முழுப் பாரத்தையும் வாங்கும். அதனால் முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை சரிவில் நிறுத்துவோம். முழங்கால்களுக்கு இடையில் ஒன்று, கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று, குதிக்கால் எதிலும் முட்டாதபடி. கடைசியாக உடம்புக்கு அடியில் கையை ஓட்டிப் பார்க்கவேண்டும். விரிப்பின் ஒரு சுருக்கு, கழன்ற ஒரு பொத்தான் போதும், விடியும்போது அந்த இடம் கெட்டிருக்கும்.

கைநூல்கள் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கின்றன. எங்கள் கறுத்த தோலில் அந்தச் சிவப்புத் தெரியாது. புறங்கையால் தொட்டுப் பார்க்கவேண்டும்: சுற்றியுள்ள தோலைவிடச் சூடா, இறுகியிருக்கிறதா, அல்லது பொதுபொதுவென்றிருக்கிறதா. டோர்ச் வெளிச்சத்தில் அந்த இடம் மட்டும் இன்னும் கறுத்துத் தெரியும். அப்போதே பாரம் படாமல் வைத்தால் சில நாட்களில் மாறிவிடும். தவறவிட்டால் வெளியே ஐந்து ரூபாக் குற்றி அளவு ஓட்டை, உள்ளே எலும்புவரை போன புண். பிறகு மாதக்கணக்காக ஆஸ்பத்திரி. கிருமி இரத்தத்தில் ஏறினால் உயிரே போகும்.

பயிற்சி இல்லாத ஆள் அதிகம் பிழைவிடும் இடம் இன்னொன்று. முள்ளந்தண்டு வடம் நெஞ்சின் மேற்பகுதி மட்டத்திலோ கழுத்திலோ காயப்பட்டவருக்குத் திடீரென மண்டை வெடிக்கிற தலையிடி வரும், முகம் வியர்க்கும். பனடோல் கொடுத்துப் படுக்க விடுவார்கள். படுக்க வைக்கவே கூடாது, இரத்த அழுத்தம் இன்னும் ஏறும். உடனே நிமிர்த்தி இருத்தி, காலைத் தொங்கவிட்டு, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, கதீற்றர் மடிந்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பெரும்பாலும் சிறுநீர் வெளியேறாமல் நிற்பதுதான் காரணம். அடுத்தது மலம் இறுகியிருப்பது. சில நிமிடங்களில் குறையாவிட்டால் வாகனம் பிடிக்கவேண்டும். மூளையில் இரத்தம் கசிய விடக் கூடாது.

இவ்வளவும் தெரிந்த ஒருவருக்கு என்ன கொடுக்கிறோம்? 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 30,000 ரூபா, நாளுக்கு 1,200. ஆனால் 2016 இன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வீட்டு வேலையாளைத் தொழிலாளி என்ற வரைவிலக்கணத்துக்குள் எடுக்கவில்லை. குடும்பம் நேரே காசு கொடுத்தால் பராமரிப்பாளர் அந்தக் கோட்டுக்கு வெளியே போய்விடுகிறார். தொண்டு அமைப்பு கொடுத்தால் அதற்கு "ஊக்குவிப்புக் கொடுப்பனவு" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பெயர் மாறியதும் வேலை கொடுப்பவர் ஊழியர் சேமலாப நிதிக்குப் போடவேண்டிய 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குப் போடவேண்டிய 3 வீதமும் இல்லாமற்போகின்றன. 30,000 இற்கு அது மாதம் 4,500 ரூபா. பத்து வருடம் ஆட்களைத் தூக்கி நாரி போன பெண்ணுக்குக் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுத்தவர்கள் வெளிநாட்டுக்குப் போவதை நாங்கள் குறை சொல்லமாட்டோம்.

குடும்பத்தைக் குற்றம் சொல்லவும் மனம் வராது. மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு 2025 இல் 10,000 ரூபாவாக உயர்ந்தது. அது குறைந்தபட்சச் சம்பளத்தில் மூன்றிலொன்று. மிச்சத்தை மேட்டுக்காணியில் கச்சான் போடும் வீடு எங்கிருந்து கொண்டுவரும்? எனவே வேலை கொடுப்பவர் குடும்பமாக இருக்கக் கூடாது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமோ பிரதேச சபையோ நியமனக் கடிதத்தோடு ஆளை எடுக்கவேண்டும். அரசு நிதி அங்கே போகவேண்டும்.

காலை வேலை, அதாவது மலம் கழிக்கச் செய்தல், குளிப்பாட்டல், தோல் பார்த்தல், சக்கர நாற்காலிக்கு ஏற்றல், ஒரு வீட்டில் இரண்டு, இரண்டரை மணித்தியாலம் பிடிக்கும். ஒருவர் காலையில் இரண்டு வீடு செய்யலாம். ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் வீடுகள் தூரத்தூர இருப்பதால், கிறவல் றோட்டில் சைக்கிள் மிதிக்கும் நேரத்தையும் வேலை நேரமாக எழுதவேண்டும். ஏற்றி இறக்குவதற்கு இரண்டாவது ஆள் வேண்டும். இரவுக்கு வேறு ஆள், வேறு சம்பளம். பகல் முழுக்க நின்றவரை இரண்டு மணிக்கும் எழும்பச் சொன்னால் அவர் எழும்பமாட்டார், எழும்பவும் முடியாது.

கட்டிலடியில் ஒரு கொப்பி தொங்கவேண்டும். நேரம், எந்தப் பக்கம், தோல் எப்படி, பையில் எத்தனை மில்லிலீற்றர், கையெழுத்து. காலையில் வருகிற ஆள் முதலில் அதைத்தான் பார்ப்பார். மாதக் கடைசியில் சம்பளக் கணக்கும் அதே கொப்பியிலிருந்து எழுதப்படட்டும்.